பழைய பதிப்பின் பக்கத்தை யார் திறக்கிறார்கள்?

கேள்வி இது: நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு கட்டற்ற மென்பொருள். 2.4, 3.0, 3.1 மூன்றுமே புழக்கத்தில் இருக்கின்றன. ஆவணங்கள் எல்லாம் கிட்ஹப் விக்கியில். புதிய பதிப்புக்கு ஏற்ப ஒரு பக்கத்தைத் திருத்தினால் பழையதில் இருப்பவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். திருத்தாமல் விட்டால் புதிதாக வருகிறவர்கள் நிறுவும்போதே மாட்டிக்கொள்கிறார்கள். ஆவணத் தளம் கட்டும் கருவியான டாகுசாரஸுக்கு மாறினால் தீருமா? தமிழில் எழுதி வைத்திருக்கும் அறிமுகப் பக்கங்களையும் பதிப்புவாரியாகப் பிரிக்க வேண்டுமா?

டாகுசாரஸ் நல்ல கருவிதான். ஆனால் இப்போதிருக்கும் நிலையில் அதற்கு மாறினால், விக்கியில் இருக்கிற குழப்பம் அப்படியே கொஞ்சம் அழகான எழுத்துருவில் தெரியும், அவ்வளவுதான். கருவியைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் ஒன்றை யோசித்துவிடுங்கள்: உங்கள் 2.4 பக்கத்தை இன்று திறப்பவர் யார்?

இரண்டு பேர். ஒருவர் நிஜமாகவே பழைய பதிப்பில் இருப்பவர். மேம்படுத்தச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பதிப்பைத் தேர்ந்தெடுத்ததே அவர் இல்லை. டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவி, அதன் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் போட்டால் வருவது 15. பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஜாங்கோவைப் போட்டால் 3.2. வெளியே போஸ்ட்கிரெஸ் 17 வந்திருக்கலாம், ஜாங்கோ 5 வந்திருக்கலாம். அவருக்கு அதனால் என்ன? கையில் இருப்பதற்கு ஆவணம் வேண்டும். இன்னொருவர் புதிய பதிப்பை வைத்துக்கொண்டு, கூகுள் இறக்கிவிட்ட இடத்தில் நிற்பவர். தான் நிற்பது பழைய பக்கம் என்பதே அவருக்குத் தெரியாது. முன்னவர் தங்கிப்போனவர், பின்னவர் வழிதவறி வந்தவர். இருவருக்கும் அந்த ஒரே பக்கம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

வழிதவறியவரை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். ஜாங்கோ 4.2 போட்டிருக்கிறார், சர்வரை ஓட்டினால், ‘யுஆர்எல்’ என்ற பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை என்று பிழை. “டாக்குமெண்டேஷன்ல இருக்கறத அப்படியே போட்டேன் அண்ணா, வரல” என்றார். பிரவுசரைப் பார்த்தால் 1.11-இன் ஆவணம் திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் முகவரிகளை யுஆர்எல் என்ற ஃபங்ஷனில், ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து எழுதுவோம். 2.0-இல் ‘பாத்’ வந்தது. 4.0-இல் பழையதைத் தூக்கிவிட்டார்கள். பக்கத்தில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை: இது ஆதரவு நிறுத்தப்பட்ட, பாதுகாப்பில்லாத பதிப்புக்கான ஆவணம், புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். “பார்த்தேன் அண்ணா. நான்தான் ஏற்கெனவே புதுசு வச்சிருக்கேனே, அது எனக்கு இல்லன்னு நினைச்சேன்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த எச்சரிக்கை தங்கிப்போனவரைப் பார்த்துப் பேசுகிறது. வழிதவறியவருக்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. போஸ்ட்கிரெஸ்காரர்கள் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கத்தைத் திறந்தால், ‘இது ஆதரவில் இல்லாத பதிப்புக்கான ஆவணம், இதே பக்கத்தை நடப்புப் பதிப்பில் பார்க்க விரும்பலாம்’ என்ற பொருளில் ஒரு பட்டை வரும். இதே பக்கம் என்பதுதான் முக்கியம். முகப்புக்கு அனுப்பிவைத்துத் திரும்பவும் தேடச் சொல்வதில்லை. அதற்கு மேலேயே ஆதரவில் உள்ள பதிப்பு எண்கள் ஒரு வரியில் இருக்கும். எதை அழுத்தினாலும் அந்தப் பதிப்பில் அதே பக்கம். உங்கள் பட்டையில் மூன்று செய்தி இருந்தால் போதும்: இது 2.4-க்கானது, உங்களிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று அறிய இந்தக் கட்டளையை ஓட்டுங்கள், 3.1-இல் இந்தப் பக்கம் இங்கே. நடுவில் உள்ளதைப் பலரும் போடுவதில்லை. தன்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் படிப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

இனி வேலைக்கு வருவோம். விக்கியை விட்டு வெளியே வாருங்கள். விக்கியில் பக்கங்களுக்கு ‘இப்போது’ மட்டும்தான் உண்டு. மென்பொருளுக்கோ ஒரே நேரத்தில் மூன்று ‘இப்போது’ இருக்கிறது. ஆவணத்தை நிரல் இருக்கும் அதே ரெப்போவில் (கிட் களஞ்சியத்தில்), அதே பிராஞ்சில் (பதிப்புக்கெனப் பிரிந்த கிளையில்) வையுங்கள். 2.x பிராஞ்சில் 2.x-க்கான ஆவணம், மெயின் என்ற முதன்மைப் பிராஞ்சில் அடுத்து வரப்போவதற்கான ஆவணம். பைத்தான் இப்படித்தான் வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸும் அப்படியே, அங்கே ஒரு வேடிக்கை, 11-ஆம் பதிப்பிலேயே ஆவண மூலத்தை எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றியாயிற்று, ஃபோல்டரின் பெயர் இன்னமும் எஸ்ஜிஎம்எல்தான். ஒரே இடத்தில் இருப்பதால் கிடைக்கும் பெரிய லாபம், நிரலை மாற்றக் கேட்டு அனுப்புகிற புல் ரிக்வெஸ்டிலேயே ஆவண மாற்றத்தையும் கேட்டு வாங்கலாம். ‘டாக்ஸ் அப்புறம் எழுதிக்கறேன்’ என்று சொல்லி எழுதியவரை நான் அதிகம் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அடுத்து, எத்தனை பதிப்புகளுக்கு ஆவணத்தை உயிரோடு வைத்திருப்பது? இதைக் கருவி முடிவு செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு, ஆக எந்த நேரத்திலும் ஐந்து பதிப்புகள் உயிரோடு. 16.1, 16.2 என்று வரும் சிறு பதிப்புகளுக்குத் தனி ஆவணம் கிடையாது; வெளியீட்டுக் குறிப்பு மட்டும் சேரும். குபர்னெட்டிஸ் தன் தளத்தில் நடப்புப் பதிப்பும் அதற்கு முந்தைய நான்கும் வைத்திருக்கிறது. ஆவணம் கிடைப்பதும் அந்தப் பதிப்புக்கு ஆதரவு இருப்பதும் வேறு வேறு என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆள்பலம் இருக்கிறது. நான்கைந்து பேர் மாலை நேரத்தில் பார்க்கிற திட்டத்துக்கு இரண்டே போதும்: 2.x ஒன்று, 3.x ஒன்று. 3.0-க்கும் 3.1-க்கும் தனித்தனி ஆவணம் வேண்டாம். 3.1-இல் எதையும் உடைக்காமல் சேர்க்க மட்டும் செய்திருந்தால், ஒரே பக்கத்தில் ‘3.1-இல் புதிது’ என்று குறித்துவிடுங்கள்.

இந்தக் குறிப்பு முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிப்புக்கு ஒரு நகல் எடுப்பதுதான் ஒரே வழி என்று பலர் நினைக்கிறார்கள். பிஎச்பியின் கையேடு எல்லாப் பதிப்புகளுக்கும் ஒன்றேதான். ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்குக் கீழும் அடைப்புக்குறிக்குள் எந்தெந்தப் பதிப்பில் உண்டு என்று ஒரு வரி இருக்கும். நடத்தை மாறியிருந்தால் கீழே ஒரு மாற்றப் பட்டியல். பழைய மைஎஸ்கியூஎல் இணைப்பு ஃபங்ஷன் 5.5-இல் கைவிடப்பட்டு 7.0-இல் நீக்கப்பட்டது, ஆனாலும் அதன் பக்கம் இன்றும் இருக்கிறது, எச்சரிக்கையோடும் மாற்று வழியோடும். பத்து வருடத்துக்கு முந்தைய நிரலைத் தலையில் கட்டிக்கொண்டு பராமரிப்பவருக்கு அந்தப் பக்கம் தெய்வம். லினக்ஸின் மேன் என்ற கையேட்டுப் பக்கங்களும் இப்படித்தான். கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் காலின் பக்கத்தைப் பார்த்தால், கெர்னலில் 3.17 முதல், சி மொழி நூலகமான ஜிலிப்சியில் 2.25 முதல் என்று ஒரே பக்கத்தில் இருக்கும். அவர்களால் இது முடிவதற்குக் காரணம், கெர்னல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறது. சேர்ந்துகொண்டே போகும், பெரும்பாலும் எதுவும் கழியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே பக்கமும் ஓரக்குறிப்பும் அருமையாக வேலை செய்யும். ஒரு கட்டமைப்புக் கோப்பின் வடிவமே 2-க்கும் 3-க்கும் இடையில் மாறிவிட்டது என்றால், ‘2.x-இல் இப்படி, 3.x-இல் அப்படி’ என்று பத்திக்குப் பத்தி எழுதி யாராலும் படிக்க முடியாது. அங்கே பிரித்துவிட வேண்டியதுதான்.

பைத்தான் இரண்டையும் கலந்து செய்கிறது. பதிப்புக்கு ஒரு ஆவணமும் உண்டு, உள்ளே குறிப்புகளும் உண்டு. சரத்தின் முன்னொட்டை நீக்கும் ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் முறைக்குக் கீழே ‘3.9-இல் புதிது’ என்று சின்னதாக இருக்கும். 3.8 வைத்திருப்பவர் புதிய ஆவணத்துக்கு வழிதவறி வந்தாலும் அந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றிவிடும். பைத்தான் ஆவணத்தைக் கட்டும் கருவியான ஸ்பிங்க்ஸில் இதற்கென்றே ‘வெர்ஷன்-ஆடட்’, ‘வெர்ஷன்-சேஞ்ச்டு’ என்ற குறிகள் இருக்கின்றன. மார்க்டவுனில் எழுதினால் நீங்களே ஒரே மாதிரியான சொற்றொடரை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேடி எடுக்க வசதி. தேடி எடுப்பது எதற்கு என்றால், இந்தக் குறிப்புகளும் நாளாக நாளாக ஒட்டடையாகச் சேரும். ஜாங்கோவில் புதிய பதிப்புக்கான வேலை தொடங்கியதும், மிகப் பழைய பதிப்புக் குறிப்புகளைத் துடைத்து எடுக்கும் கமிட் (ரெப்போவில் பதியும் மாற்றம்) ஒன்று வழக்கமாக வரும். பழைய பதிப்பின் ஆவணம் தன் பிராஞ்சில் பத்திரமாக இருப்பதால் அவர்களால் தைரியமாகத் துடைக்க முடிகிறது.

முகவரி. இதில்தான் பின்னாளில் அதிகம் வருந்துவீர்கள், அதனால் முதல் நாளே பதிப்பு எண்ணை முகவரிக்குள் போட்டுவிடுங்கள். பைத்தானுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களாக அதன் ஆவணத் தளத்தில் எண் இல்லாத முகவரி என்றால் பைத்தான் 2 என்று பொருள். புத்தகங்கள், பாடக் குறிப்புகள், பதில்கள் எல்லாவற்றிலும் அந்த எண்ணில்லாத இணைப்புகள் பதிந்துவிட்டன. பைத்தான் 3-ஐ இயல்பாகக் காட்ட வேண்டிய நேரம் வந்தபோது சிக்கல்: அத்தனை இணைப்புகளையும் 3-க்குத் திருப்பினால், 2-ஐ மனதில் வைத்து எழுதியவர்களின் சுட்டல் எல்லாம் பொய்யாகிவிடும். இதற்காகவே 2012-இல் அலிஸா காக்லன் ஒரு பெப் (பைத்தான் மாற்றங்களுக்கான முன்மொழிவு) எழுதினார், எண் 430. முகப்பை மட்டும் 3-க்குத் திருப்புவது, உள்பக்கங்களுக்கான எண்ணில்லாத பழைய இணைப்புகள் முன்போலவே 2-ஐக் காட்டுவது, இனிமேல் இணைப்புகளில் எண் இருப்பது என்பதுதான் அதன் சாரம். ஒரு முகவரியின் அர்த்தத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடு.

எண்ணோடு சேர்த்து ஒரு மாற்றுப்பெயரும் தேவைப்படும். போஸ்ட்கிரெஸில் ‘கரண்ட்’. வெளியிலிருந்து பொதுவாகச் சுட்டுபவர்கள் அதைப் பயன்படுத்தலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன்: ‘லேட்டஸ்ட்’. ஆவணங்களைக் கட்டி இணையத்தில் வைக்கும் சேவையான ரீட் த டாக்ஸில் லேட்டஸ்ட் என்றால் உங்கள் முதன்மைப் பிராஞ்சில் நேற்று இரவு மெர்ஜ் ஆனது வரைக்கும். ‘ஸ்டேபிள்’ என்பதுதான் டேக் போட்டு வெளியிட்டவற்றில் கடைசியானது. படிக்கிறவருக்கோ லேட்டஸ்ட் என்றால் கடைசியாக வெளிவந்தது. வெளிவராத வசதியைப் படித்துவிட்டு, ‘இந்த ஆப்ஷன் வேலை செய்யவில்லை’ என்று பக் போடுவார்கள். நாம் இரண்டு நாள் தேடிவிட்டு, அது இன்னும் வெளியிடவே இல்லையே என்று உணர்வோம். இயல்புப் பதிப்பாக ஸ்டேபிளை வையுங்கள். மெயினிலிருந்து உருவாகும் ஆவணத்துக்கு ‘டெவ்’ என்று பெயர் வைத்து, இது வெளிவராத பதிப்பு என்று பட்டை ஒட்டுங்கள்.

கூகுள் விஷயம் சுருக்கமாக. பழைய பக்கங்கள் வருடக்கணக்கில் இணைப்புகளைச் சேர்த்து வைத்திருப்பதால் தேடலில் அவையே மேலே நிற்கும். பழைய பக்கத்தின் தலைப்பகுதியில் கெனானிகல் இணைப்பு (முதன்மைப் பக்கம் எது என்று தேடுபொறிக்குச் சொல்வது) வைத்து, நடப்புப் பதிப்பில் உள்ள அதே பக்கத்தைச் சுட்டுங்கள். இணையான பக்கம் புதியதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குச் சுட்டினால் தேடுபொறி மதிக்காது. சிலர் ரோபாட்ஸ் கோப்பில் பழைய பதிப்புகளை மொத்தமாகத் தடுக்கிறார்கள். தடுத்த பக்கத்தைத் தேடுபொறி திறந்து பார்க்காது, பார்க்காவிட்டால் நீங்கள் வைத்த கெனானிகலும் அதன் கண்ணில் படாது. இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

இப்போது கருவி. டாகுசாரஸில் பதிப்பு எடுக்கும் கட்டளை, அந்த நேரத்து ஆவண ஃபோல்டர் முழுவதையும் இன்னொரு ஃபோல்டராக நகலெடுத்து அதே பிராஞ்சில் வைக்கும். ஐந்து பதிப்பு எடுத்திருந்தால், எடிட்டரில் ஒரு வாக்கியத்தைத் தேடினால் ஆறு இடத்தில் வரும். எழுத்துப்பிழை ஒன்றுக்கு ஆறு திருத்தம். நிஜமாகத் தேவைப்பட்டால் மட்டும் பதிப்பு எடுங்கள் என்று டாகுசாரஸின் சொந்த ஆவணமே அறிவுறுத்துகிறது. உங்களுக்கு இரண்டே பதிப்பு என்பதால் அது ஒத்துவரும். அன்டோரா நேராகப் பிராஞ்சுகளிலிருந்தே படித்துத் தளத்தைக் கட்டும்; ஆனால் ஆஸ்கிடாக் என்ற எழுத்து வடிவில் எழுத வேண்டும். எம்கேடாக்ஸ் என்றால் கூடவே மைக் என்ற சிறு கருவி இருக்கிறது: ஒவ்வொரு பதிப்பையும் கட்டி முடித்த எச்டிஎம்எல்லாக ஒரு தனிப் பிராஞ்சில் சேர்த்துக்கொண்டே போகும், பழையதைத் திரும்பக் கட்டாது. என் தேர்வு இதுதான். நான்கு வருடத்துக்கு முந்தைய ஆவணத்தை இன்றைய ஸ்பிங்க்ஸையும் இன்றைய தோற்ற வார்ப்புருவையும் வைத்துத் திரும்பக் கட்ட முயன்றவருக்குக் காரணம் புரியும். எதை வைத்துக் கட்டினாலும் அந்தந்தப் பிராஞ்சில் கருவிகளின் பதிப்பு எண்களைப் பூட்டி வையுங்கள்.

கட்டி முடித்ததை உறைய வைப்பதில் ஒரு ஓட்டை உண்டு. 2.4-ஐக் கட்டிய நாளில் 3.0 பிறக்கவில்லை, அதனால் 2.4 பக்கத்தின் பதிப்புப் பட்டியலில் 2.4-தான் கடைசி, பட்டையும் இல்லை. வழிதவறியவர் அங்கே நின்றால் வெளியேறக் கதவே இல்லை. ஆகவே பதிப்புப் பட்டியலையும் பட்டையின் வாசகத்தையும் பக்கத்துக்குள் பதிக்காதீர்கள். தளத்தின் வேரில் ஒரு ஜேசன் தரவுக் கோப்பு, எல்லாப் பதிப்புகளும் அதைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். புதிய வெளியீட்டன்று அந்த ஒரு கோப்பை மாற்றினால் பழைய பக்கங்கள் எல்லாம் தாமாகத் தெரிந்துகொள்ளும். மைக்கின் பதிப்புப் பட்டியல் இப்படித்தான் இயங்குகிறது.

திருத்தங்கள் எப்போதும் மெயினில் தொடங்கிப் பின்னோக்கிப் போகட்டும். பைத்தானில் மெயினுக்குப் போன திருத்தத்துக்கு, இன்ன பதிப்புக்கும் தேவை என்று லேபிள் போட்டால், ஒரு பாட் (தானியங்கி நிரல்) அதைச் செரி-பிக் செய்து, அதாவது அந்த மாற்றத்தை மட்டும் எடுத்து, அந்தப் பிராஞ்சுக்குப் புல் ரிக்வெஸ்ட் திறந்துவிடும். நீங்கள் கையாலேயே செய்யலாம். தலைகீழாக, 2.x-இல் திருத்திவிட்டு ‘மெயினுக்கும் போட்டுவிடலாம்’ என்று விட்டால், அதே பிழை 3.2-இல் திரும்ப எழுந்து வரும். எடுத்துக்காட்டு நிரல்களை அந்தந்தப் பிராஞ்சின் சிஐ (தானியங்கிச் சோதனை) ஓட்டிப் பார்க்கும்படி செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. ரஸ்ட்டில் ஆவணத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுகள் சோதனைகளாகவே ஓடும், பைத்தானில் டாக்டெஸ்ட் இருக்கிறது.

தமிழ்ப் பக்கங்களைப் பற்றி. மெயினை மொழிபெயர்க்காதீர்கள், கை ஓய்ந்துவிடும். வெளியான 3.x பிராஞ்சை மட்டும் எடுங்கள். கெட்டெக்ஸ்ட் முறையில் பிஓ கோப்பு (மூல வரியும் அதன் மொழிபெயர்ப்பும் சேர்ந்தது) வைத்துச் செய்தால், மூல வரி மாறியவுடன் பழைய மொழிபெயர்ப்பு ‘ஃபஸி’ என்று குறிக்கப்பட்டு, பக்கத்தில் ஆங்கில வரியே தெரியும். அரைகுறையாகத் தெரிகிறதே என்று சங்கடமாக இருக்கும். ஆனால் காலாவதியான கட்டளையைச் சுத்தமான தமிழில் சொல்லிக்கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். 2.x-க்குத் தமிழ் வேண்டாம். அறிமுகப் பக்கம் படிக்க வருபவர் 2.4-ஐ நிறுவப் போவதில்லை.

கடைசியாக, விக்கியில் இருப்பதை எப்படிப் பிரிப்பது? எல்லாம் கலந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கிட்ஹப் விக்கி என்பதே உள்ளே ஒரு கிட் ரெப்போதான், குளோன் செய்துகொள்ளலாம். 3.0-க்கான வேலைகள் விக்கியில் ஏறத் தொடங்கியதற்கு முந்தைய நாளின் கமிட்டைத் தேடி எடுத்து, அதை 2.x பிராஞ்சின் ஆவண ஃபோல்டரில் போடுங்கள். இன்றைய நிலையை மெயினிலும் 3.x பிராஞ்சிலும் போடுங்கள். இரண்டையும் அந்தந்தப் பதிப்பை ஒரு புது மெய்நிகர் கணினியில் நிறுவி, முதல் பக்கத்திலிருந்து ஒருவர் வரிவரியாகச் செய்து பார்க்கட்டும், எழுதியவர் இல்லாத வேறொருவர். விக்கியை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, ‘2.x வைத்திருந்தால் இங்கே, 3.x வைத்திருந்தால் இங்கே’ என்று இரண்டு இணைப்புகளை மட்டும் விட்டுவையுங்கள்.